குருவிக்கரட்டில் வீடு பார்த்தது

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகிற பஸ்ஸில் நீங்கள் என்றைக்காவது போயிருந்தால் குருவிக்கரட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் கவனித்திருக்க மாட்டீர்கள், அது உங்கள் தப்பு இல்லை. மலை என்று சொல்ல அதற்கு உயரம் போதாது. மேடுதானே என்று ஏற ஆரம்பித்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். கல்லும் முள்ளுமாக ஒரு கரடு, அவ்வளவுதான். சுற்றிலும் மானாவாரிக் காடு. காட்டுக்கு நடுவே பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும்.

இந்தக் கரட்டின் மேல் ஒரு தெரு இருக்கிறது. அடிவாரத்தில் கொஞ்சம் வீடு, இடுப்பில் கொஞ்சம் வீடு, உச்சியில் ஒரே ஒரு வீடு. எல்லாவற்றையும் கோர்த்துக்கொண்டு ரோட்டிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு பாதை. உச்சி வீட்டுக்காரன் பெயர் ஜெயபாண்டி. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கிறவன். பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள்களை அடுக்கடுக்காக வெட்டித் தள்ளுவதுதான் அவன் வேலை. குடி கிடையாது, கடுஞ்சொல் கிடையாது. தாய் தகப்பன் போன பிறகு தனியாகப் பொங்கித் தின்கிறவன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

காரணம் அவன் இல்லை. பாதை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் பையன் வீட்டார் போய்ப் பெண் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால், பெண் வீட்டார் திரும்பி வந்து பையன் வீட்டைப் பார்ப்பார்கள். வீடு பார்க்கிறது என்று அதற்குப் பெயர். ஜெயபாண்டிக்கு மூன்று இடம் வந்தது. மூன்று இடத்திலும் அவனைப் பிடித்தது. மூன்று இடத்துக்காரர்களும் கரட்டின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். முதல் இடத்துக்காரர்கள் வேனில் எதையோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிப் போனவர்கள், வேனோடு போய்விட்டார்கள். இரண்டாவது இடத்தில் பெண்ணின் அத்தை, வழுக்குப்பாறை வரைக்கும் ஏறி, அங்கே சறுக்கி உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இறங்கினாள். மூன்றாவது இடத்துக்காரர்கள் ஏறவே இல்லை. "பையன் தங்கமான பையன்தான். எம்பொண்ணுக்கு என்ன ஆட்டுக்காலா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு ஜெயபாண்டி தன் அக்கா ராமுத்தாயிடம் வந்தான். அவள் அதே கரட்டின் இடுப்பில் வாக்கப்பட்டவள்.

"யக்கா, இன்னும் ஒரு எடம் பாரு. அதுவும் கீழயே திரும்பிட்டா, பெறகு எனக்குப் பாக்கவே வேணாம்."

"ஏலே, அப்படியெல்லாம் பேசாத. திருத்தங்கல்ல வாடகைக்கு ஒரு வீடு பிடிச்சிருவோம்."

"அய்யா கட்டுன வீட்ட விட்டுட்டு நான் வரமாட்டேன். பிடிச்சவ ஏறி வரட்டும்."

ராமுத்தாய்க்குத் தம்பியைக் குறை சொல்லவும் முடியவில்லை, வந்து திரும்பியவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளே அந்தப் பாதையில் இரண்டு தடவை பல் பெயர விழுந்தவள்தான்.

இப்போது ராமுத்தாயின் நடைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் திரி ஒட்டுகிறவள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நடுவில் முழுக்க உட்கார்ந்த வேலை. தெருவில் பாதிப் பெண்களுக்கு அதே பிழைப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எல்லாருக்கும் சர்க்கரை பார்த்துவிட்டு, "நடங்கம்மா, நடந்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கே நடப்பது? ரோட்டில் நடந்தால் லாரி. காட்டில் நடந்தால் கம்பெனிக் காவலாளி. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கரட்டில் ஏறி இறங்குவது என்று முடிவானது. முதலில் ராமுத்தாயும் பக்கத்து வீட்டுச் செல்லக்கனியும்தான் நடந்தார்கள். பிறகு கும்பலாகிவிட்டது. வீட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். கேலி செய்ய வந்தவர்கள், மூச்சு வாங்கியதை மறைத்துக்கொண்டு அடுத்த வாரமும் வந்தார்கள்.

மூன்றாவது இடமும் திரும்பிப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராமுத்தாய் அரிவாளும் மம்பட்டியுமாக வந்து நின்றாள்.

"நடந்தது போதும்டி. இனிமே நடக்குற பாதைய நடக்குற மாதிரி ஆக்குவோம்."

"ஒன் தம்பி கல்யாணத்துக்கு நாங்க ரோடு போடணுமாக்கும்?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"ஆமா. ஒம்மகனுக்கும் நாளைக்குப் பொண்ணு பாக்கணும்ல? அவ என்ன பறந்து வருவாளா?"

செல்லக்கனி சேலையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு மூன்று மகன்கள்.

அவர்கள் வேலை செய்த விதத்தை வேறு ஊரில் பார்க்க முடியாது. சிரிக்காதீர்கள். வருஷக்கணக்காகப் பட்டாசுக் கம்பெனியில் கிடந்த உடம்புக்குச் சில பழக்கம் ஏறிப்போகும், அது ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காது. கம்பெனி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. அதனால் கரட்டடியில் இருந்த உடைமரத்துப் பக்கத்தில் செருப்பை வரிசையாகக் கழற்றி விட்டுத்தான் ஏறினார்கள். வெறுங்காலில்தான் பாறையில் பிடி கிடைக்கிறது என்றும் சொல்லிக்கொண்டார்கள். கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் இங்கேயும் ஒரு கம்பிக் கூடையை மரத்தில் தொங்கவிட்டு, போன் எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒரு வளைவுக்கு நாலு பேர், அடுத்த நாலு பேர் அடுத்த வளைவில். யாரும் சொல்லி அப்படிப் பிரியவில்லை. ஐந்தாவது ஆள் வந்து நின்றால் நின்றவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மண்ணும் மணலும் சுமக்கக் கிடைத்ததுகூட, ஓட்டை என்று கம்பெனியில் கழித்துவிட்ட சிவப்பு வாளிகள்தான். அடைத்துச் சரிசெய்து, ஓடையிலிருந்து பைக்கில் கொண்டுவந்த மணலை நிரப்பி உடைமரத்தடியில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏற வேண்டியது.

இரும்புக் கதைதான் பெரிய கதை. ராமுத்தாயின் வீட்டுக்காரர் ஒச்சப்பன், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். கம்பெனி அறைக்குள் போனதே இல்லை. முதல் நாள் அவர் கடப்பாரையை ஓங்கி வழுக்குப்பாறையில் ஒரு போடு போட்டார். டங்கென்று பொறி பறந்தது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஒரு பெண் இல்லை. சொந்தப் பெண்டாட்டி உட்பட அத்தனை பேரும் பாதிக் கரட்டுக்கு இறங்கிப் போயிருந்தார்கள்.

"ஏன்டி ஓடுறீக? இது கல்லுடி! வெறுங்கல்லு!"

கீழேயிருந்து செல்லக்கனி சொன்னாள்: "கல்லுன்னு கண்ணுக்குத் தெரியுதுண்ணே. காலுக்குத் தெரியலையே!"

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. இரும்பு கல்லைத் தொடுவதற்கு முன்னால் கல்லில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒச்சப்பன் கடப்பாரையைத் தூக்கும்போது "தண்ணி!" என்று கத்துவார், யாராவது ஒருத்தி குடத்தோடு ஓடுவாள். நனைந்த கல்லிலும் பொறி வரத்தான் செய்யும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "வந்துட்டுப் போகுது, எங்க மனசுக்கு ஊத்துறோம்" என்றாள் ராமுத்தாய்.

இப்படியே வாரா வாரம். வேலிக்கருவையை வேரோடு தோண்டினார்கள். உருளுகிற கல்லைப் பொறுக்கிப் படியாக அடுக்கினார்கள். வழுக்குப்பாறையில் கால் பதிகிற மாதிரி வரிவரியாகக் கொத்தினார்கள். ஏற முடியாத கிழடுகள்கூட வாசலில் உட்கார்ந்து சல்லி உடைத்துக் கொடுத்தார்கள். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு என்பதால் வேலை நின்றது. ஐப்பசி மழை வந்து, நிற்காத கல்லையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. நின்ற கல் நின்றது. மழை விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு, "எது நல்லா வச்சது, எது ஏமாத்துனதுன்னு மழையே பிரிச்சுக் குடுத்துருச்சு பாத்தியா" என்றார் ஒச்சப்பன். போனதை மறுபடியும் அடுக்கினார்கள்.

மார்கழி முடிவதற்குள் ஓரிடம்தான் பாக்கி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மழைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்து ஒரு வெட்டு விட்டிருந்தது. தாண்டிக் குதிக்கிறவன் குதிக்கலாம். சேலை கட்டியவள் குதிக்க முடியாது. அதன் மேல் ஒரு பலகைக்கல்லைப் பாலமாகப் போட்டுவிட வேண்டும். கல் கிடைத்துவிட்டது. இடிந்துபோன ஒரு கிணற்றுமேட்டில் கிடந்ததைக் கேட்டு வாங்கி, கம்பும் கயிறும் கட்டி, வாரத்துக்கு ஒரு வளைவாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாலாவது இடம் வந்தது.

பெண் பெயர் அழகுமீனா. அச்சங்குளத்துக்காரி. கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறவள். தகப்பன் இல்லை. தாய் சொர்ணலட்சுமி, தாய்மாமன் சங்கிலிமுத்து, இரண்டு பேரும்தான் எல்லாம். ஜெயபாண்டி அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, எவ்வளவு சோறு வடிக்கிறோம் என்று தெரியாமல் வடித்துக்கொண்டிருந்தான். பெண்ணுக்கும் பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. வீடு பார்க்கத் தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் என்று பேச்சு. காலையில் பலகைக்கல்லைப் போட்டு முடித்துவிட்டால், சாயங்காலம் அவர்களை நோகாமல் உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ராமுத்தாயின் கணக்கு அதுதான்.

சங்கிலிமுத்துவின் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலம் ஆயிற்றே என்று அவருக்கு அன்றைக்குக் காலையில்தான் உறைத்தது. அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீட்டில் தீக்குச்சி உரசுவதற்குக்கூட ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உரசுகிற ஆள். அவர் மேல் கோபப்படாதீர்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால்தான் இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் விளக்கு எரிகிறது. ராமுத்தாய்க்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "சரி, போற வழியில சொல்லிக்கிடலாம்" என்று வேனை எடுக்கச் சொன்னார். வீடு பார்க்கப் பெண் வரக் கூடாது என்பது வழக்கம். அழகுமீனா கேட்கவில்லை.

"அங்கன குடியிருக்கப் போறது நானா, எங்க மாமாவா?" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஏறுவதற்குள் வேன் குருவிக்கரட்டடியில் வந்து நின்றது. ரோட்டோரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சங்கிலிமுத்து மறுபடியும் ராமுத்தாய்க்குப் போன் போட்டார். தலைக்கு மேலே பக்திப் பாட்டு ஒன்று கணீரென்று எழும்பியது.

"அண்ணே," என்றாள் சொர்ணலட்சுமி, "போனு மரத்துல அடிக்குது."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். உடைமரத்தில் ஒரு கம்பிக் கூடை. கூடை நிறையப் போன். சங்கிலிமுத்துவின் முகம் மாறியது. குனிந்து பார்த்தார். வரிசையாகச் செருப்பு, முனை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. அதற்குப் பக்கத்தில் சிவப்பு வாளிகள், ஒவ்வொன்றிலும் மணல். கண்ணை இடுக்கிக் கரட்டைப் பார்த்தார். முதல் வளைவில் நாலு பேர். தள்ளி அடுத்த வளைவில் நாலு பேர். அதற்கும் மேலே ஒரு நாலு பேர். எல்லாரும் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வெறுங்கால்.

"ஏறாதீக," என்றார் மெல்லிய குரலில். "ரெண்டு பேரும் மெதுவா வேனுக்குப் பின்னால வாங்க."

"என்னண்ணே?"

"மேல மருந்து இருக்கு."

மருந்து என்றால் இந்தப் பக்கத்தில் காய்ச்சலுக்குக் கொடுப்பது இல்லை. வெடியில் திணிப்பது.

"செருப்பு வெளிய. போனு வெளிய. மணல் வாளி தயாரா இருக்கு. ஆளு நாலு நாலா நிக்குது. இது என்ன எடம்னு நான் சொல்லணுமா ஒங்களுக்கு? லைசென்ஸ் இல்லாம பட்டறை போட்டுருக்கானுக. கரட்டு மேல எவன் ஏறி வந்து பாக்கப் போறான்னு நெனப்பு. ஏம்ப்பா, வண்டியத் திருப்பு!"

"அந்தப் பையனப் பாத்தா அப்படித் தெரியலையே மாமா," என்றாள் அழகுமீனா.

"எவனப் பாத்தாத்தான் தெரியுது?"

வேன் பின்னால் நகருகிற சத்தம் மேலே கேட்டது. ஜெயபாண்டி அப்போது வழுக்குப்பாறையில் சல்லி நிரவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். கீழே வேன். வேன் பக்கத்தில் அவள். வேன் திரும்புகிறது.

நாலாவது தடவை. ஓடினான் பாருங்கள், இறங்கியதா விழுந்ததா என்று தெரியாத ஓட்டம். கைலியை மடித்துக் கட்டியபடி, தலையிலிருந்து கால் வரைக்கும் சாம்பல் நிறக் கல்தூசியோடு அவர்கள் முன்னால் வந்து நின்றான். மூச்சில் வார்த்தை வரவில்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டினான்.

சங்கிலிமுத்து பின்னால் துள்ளினார். "கையப் பாரு! கையப் பாருங்கேன்! மருந்து அள்ளுன கை அப்படியே இருக்கு! கிட்ட வராதீக தம்பி!"

"மாமா... போயிராதீக... இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்... அத வச்சுட்டா முடிஞ்சுரும்..."

"கேட்டியா லட்சுமி? இன்னும் ஒண்ணு வைக்கப் போறானுகளாம்!"

ஜெயபாண்டிக்கு அவர் பேசுவது எதுவும் புரியவில்லை. விளக்கிக் கேட்பதற்குள், உச்சிப் பக்கத்திலிருந்து ஒச்சப்பன் குரல் கரடே அதிரக் கேட்டது.

"தண்ணி! தண்ணி ஊத்து! ஏய், தண்ணிய ஊத்துங்கடி!"

நடந்தது இதுதான்: பலகைக்கல்லை வெட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய், கடைசி நெம்புக்குக் கடப்பாரையைக் கொடுக்கப் போயிருக்கிறார். தண்ணீர்க்காரி எங்கோ பராக்குப் பார்த்திருக்கிறாள். கயிறு இளகிக் கல் ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. அந்த அவசரத்தில் வந்த கத்தல்.

கீழே இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பட்டாசுக் காட்டில் "தண்ணி ஊத்து" என்று ஒருவன் அலறினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. சங்கிலிமுத்து தங்கச்சியைப் பிடித்து இழுத்து வேனுக்குப் பின்னால் தள்ளி, "படு! படு! காதைப் பொத்து!" என்று தானும் குப்புற விழுந்தார்.

ஜெயபாண்டி படுக்கவில்லை. கல் சாய்கிறது என்று அவனுக்குத் தெரியும். அடியில் அக்கா நிற்கிறாள் என்றும் தெரியும். விட்டான் ஓட்டம், மேலே.

அவன் ஓடுவதை அழகுமீனா பார்த்தாள். தீ இருக்கிற பக்கம் ஒருத்தன் ஓடுகிறான் என்றால் உள்ளே ஆள் இருக்கிறது. அவள் யோசிக்கவில்லை. கால் செருப்பைத் தானாக உதறியது, கை சிவப்பு வாளியைத் தானாகத் தூக்கியது. பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு அவன் பின்னாலேயே ஏறினாள்.

"அடியே! ஏ மீனா! எங்கடி போற?" குப்புறக் கிடந்த சங்கிலிமுத்து தலையைத் தூக்கினார்.

"ஆளுக இருக்காக மாமா!"

சொர்ணலட்சுமி அவ்வளவுதான் கேட்டாள். மகள் தீயை நோக்கிப் போகிறாள். முட்டிவலிக்காரி, வீட்டு வாசல்படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறவள், எழுந்தாள். "எம்பிள்ள! எம்பிள்ள!" என்று கத்திக்கொண்டு பாதையில் ஏறினாள். அவளை விட்டுவிட்டுக் கிடக்க அண்ணனுக்கு மனசு வருமா? "நில்லு தாயி! நில்லு லட்சுமி! ரெண்டு பேரும் சேர்ந்து போகாதீக, எட எட விட்டுப் போங்க!" என்று சொல்லிக்கொண்டே அவரும் ஏறினார்.

முதல் வளைவு. நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வாளியோடு ஒரு பட்டுச்சேலை அவர்களைத் தாண்டிப் போனது. வழுக்குப்பாறை. அங்கேதான் இரண்டாவது இடத்து அத்தை சறுக்கினாள், ஞாபகம் இருக்கிறதா? அழகுமீனா அது பாறை என்றே கவனிக்கவில்லை. கொத்தி வைத்த வரியில் கால் பதிந்து பதிந்து ஏறிப் போனாள். பின்னால் அவள் தாய், கூடவே ஓடி வந்த செல்லக்கனியிடம், "தீ எம்புட்டுத் தூரம்மா? எங்க தீ?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். செல்லக்கனிக்கும் எந்தத் தீ என்று தெரியவில்லை. தீ என்று ஒருத்தி சொன்ன பிறகு நிற்க முடியுமா? அவளும் "தீ! தீ!" என்று கத்தினாள். வளைவுக்கு நாலு பேராக நின்றவர்கள் எல்லாரும் குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தச் சட்டம் முறிந்தது.

வெட்டின் பக்கத்தில் ஒச்சப்பனும் ராமுத்தாயும் இன்னும் இரண்டு பேரும் சாய்ந்த கல்லுக்கு முதுகைக் கொடுத்து, நரம்பு புடைக்க நின்றிருந்தார்கள். ஜெயபாண்டி வந்து தோளைக் கொடுத்தான். அவன் பின்னால் அழகுமீனா வந்து நின்றாள். வாளியை ஓங்கியபடி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்க? எங்க தீ?"

கல்லுக்கு அடியிலிருந்து ஒச்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வேர்வை வழிந்தது. "தீயா? தீ இல்லத்தா. மணலா அது? அடியில கொட்டு, சீக்கிரம்! அந்த ஓரத்துல! கல்லு உக்காரணும்!"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு குனிந்து, அவர் காட்டிய இடத்தில் வாளியைக் கவிழ்த்து, கையால் நிரவினாள். அதற்குள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். குடம் வந்தது, வாளி வந்தது, தீயைத் தேடி வந்த அத்தனை கையும் கல்லுக்குக் கிடைத்தது. கடைசியாக வந்தவர் சங்கிலிமுத்து. பாறையையும், கடப்பாரையையும், நனைந்த மண்ணையும், தன் மருமகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கந்தக வாடை இல்லை.

"பாதையா போடுறீக?" என்று கேட்டார்.

"பெறகென்ன பட்டறையா போடுறோம்?" என்றாள் செல்லக்கனி.

அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நல்லவேளை, கல் பேச விடவில்லை. மறுபடியும் ஒரு பக்கம் இறங்கியது. போர்மேனுக்குச் சும்மா நிற்க வருமா? "எல்லாரும் ஒரே பக்கம் நிக்காதீக! நாலு பேரு கயித்துக்கு! நாலு பேரு அந்தப் பக்கம்! நெம்புறவக மட்டும் முன்னால! மத்தவக வெலகு!" என்றார். இத்தனை வாரமாக ஒச்சப்பன் கத்தியும் கேட்காத கூட்டம், கம்பெனிக் குரல் காதில் விழுந்ததும் நொடியில் பிரிந்து நின்றது. அவரே முன்னால் வந்து கடப்பாரையின் இன்னொரு முனையைப் பிடித்தார். பிடித்தவர் சட்டென்று நிறுத்திச் சொன்னார்:

"மொதல்ல தண்ணிய ஊத்துங்க."

ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அழகுமீனா ஒரு குடத்தை வாங்கி ஊற்றினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரு நெம்பு. கல் எழுந்தது. இன்னொரு நெம்பு. கல் ஊர்ந்து, வெட்டின் மேல் நீண்டு, எதிர்க் கரையைத் தொட்டு, அவள் நிரவி வைத்த மணலில் 'தொம்'மென்று உட்கார்ந்தது. ஆடவில்லை. ஜெயபாண்டி மேலே ஏறிக் குதித்துப் பார்த்தான். அசையவில்லை.

அப்புறம் ஒரு குலவை எழுந்தது பாருங்கள். ராமுத்தாய் ஆரம்பித்தாள். செல்லக்கனி பிடித்துக்கொண்டாள். வளைவு வளைவாக இறங்கி, அடிவாரத்தில் ஏற முடியாமல் உட்கார்ந்திருந்த கிழவிகள் வரைக்கும் போய், அங்கேயிருந்து திரும்பி வந்தது. ரோட்டில் போன பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

குலவை ஓய்ந்த பிறகுதான் சொர்ணலட்சுமிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. திரும்பிக் கீழே பார்த்தாள். வேன் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள், வேறு யாருடையதோ என்கிற மாதிரி.

"ஏ அண்ணே! இம்புட்டு ஒசரத்துக்கா நான் ஏறி வந்தேன்?"

"நீதான் வந்த. நான் நில்லு நில்லுன்னு கத்துனேன்."

ராமுத்தாய் முன்னால் வந்து கையைக் கூப்பினாள். இத்தனை வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்து போயிருந்தது. "மதினி... வாங்க. இனி மேல கொஞ்சந்தான். கையப் பிடிச்சுக்கிடவா?"

"கையெல்லாம் வேணாம். தள்ளு."

சொர்ணலட்சுமி பலகைக்கல்லில் கால் வைத்தாள். மெதுவாக, ஒரு ராணி மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும், நடந்து அந்தக் கரையில் இறங்கினாள். பின்னால் அழகுமீனா. மண்ணும் வேர்வையுமாகப் பட்டுச்சேலை பாழாயிருந்தது. கல்லின் நடுவில் நின்று, பக்கத்தில் வந்த ஜெயபாண்டியிடம் கேட்டாள்.

"தீன்னு நெனச்சும் அங்கனதான ஓடுனீக?"

"நான் தீன்னு நெனைக்கல. கல்லு விழுகுதுன்னு ஓடுனேன்." அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "நீங்கதான் தீன்னு நெனச்சு வந்தீக."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்கவும் இல்லை.

உச்சி வீட்டைச் சங்கிலிமுத்து போர்மேன் கண்ணோடு சுற்றிப் பார்த்தார். கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. அடுப்பங்கரை தள்ளி இருக்கிறது. காற்று நாலா திசையிலும் வருகிறது. தலையை ஆட்டிக்கொண்டே வந்து ஒச்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சுட்டேன் மச்சான். மனசுல வச்சுக்கிடாதீக. ஆனா ஒண்ணு சொல்லுதேன். செருப்பு, போனு, ஆளு நிக்கிற எடவெளி... இம்புட்டு ஒழுங்கா ஒரு கம்பெனியக்கூட நான் பாத்ததில்ல."

"அத என் பொண்டாட்டிட்டச் சொல்லுங்க," என்றார் ஒச்சப்பன். "எனக்கு நடுங்கித்தான் பழக்கம்."

காபி வந்தது. தட்டில் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வந்தது. ராமுத்தாய்க்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் கண் சொர்ணலட்சுமியின் முகத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயபாண்டி வாசலில், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். சொர்ணலட்சுமி காபியைக் குடித்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கரட்டின் விளிம்பில், காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து நின்றாள். இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். அச்சங்குளத்தில் தன் நாத்தனாருக்குப் போட்டாள். அவள் பேசியது கரட்டுக்கே கேட்டது.

"ஆமாடி, பாத்தாச்சு... வீடா? ஒசரத்துல இருக்கு. ஒனக்கெல்லாம் எங்கன தெரியப் போகுது அந்த ஒசரம்... நான் ஏறுனேன்டி, நானேதான்! ஒரு ஆளு கை பிடிக்கல. கீழ இருந்து மேல வரைக்கும் ஓட்டமா வந்தேன்... பொய்யா சொல்லுதேன்? அண்ணன் எனக்குப் பின்னாலதான் வந்துச்சு, கேட்டுப் பாரு... ஆமா, பேசி முடிச்சுட்டோம், இனி என்ன பேச்சு, மாசியில நாள் பாக்கணும். சொந்தக்காரவக எல்லாருக்கும் இப்பயே சொல்லி வையி. மறுவீட்டுக்கு இங்கன ஏறி வந்துதான் சாப்பிடணும். முடியாதவக இன்னைக்கே நடக்க ஆரம்பிங்கன்னு சொல்லு!"